நாலு பேர் போகிற மலை

ஆவணி மாதத்து ஒரு சாயங்காலம். பவானிபூரில் ஒரு ஹோமியோபதி டாக்டரின் டிஸ்பென்ஸரி. மருந்து அலமாரிக்கும் வாசல் கதவுக்கும் நடுவே நான் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருக்கிறேன். என் உடம்பில் இரண்டு கம்பளிச் சட்டை, அவற்றின்மேல் ஒரு கம்பளிக் கோட்டு, கழுத்தில் மப்ளர், காதை மூடிய குல்லா, கையுறை, முழங்கால் வரைக்கும் காலுறை, அடியில் ஆணி அடித்த பூட்ஸ்.

வெளியே மழை அப்போதுதான் விட்டிருந்தது. கல்கத்தாவில் மழை விட்டால் குளிராது, வேகும். தெருவில் தேங்கிய தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்திருந்தது. பெஞ்சியில் இருந்த மூன்று பேரும் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுப் பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் நாலு நடை நடங்க," என்றார் டாக்டர். "பன்னிரண்டாயிரம் அடி உசரத்துக் காத்து எலும்புக்குள்ள போகும், மொஷாய்."

"இங்கே காத்தே இல்லையே, டாக்டர் பாபு."

"வேர்க்குதா?" என்று கேட்டார் பக்கத்திலிருந்த வக்கீல்.

"குளிச்சுண்டிருக்கேன்."

"அப்போ துணி நல்ல துணிதான்," என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இந்தச் சம்பாஷணை வங்காளியில் நடந்தது. என் பங்கைத் தமிழில் கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்; அசல் இதைவிடக் கேவலமாக இருந்திருக்கும்.

கோட்டு, வக்கீலின் காலஞ்சென்ற மாமாவுடையது. மப்ளர், இன்னொருவருடைய மைத்துனருடையது. குல்லா யாருடையது என்று யாருக்குமே தெரியவில்லை. மலைக்குப் போகாத பல பேருடைய துணிகளை, மலைக்குப் போகப் போகிற நான் ஒருவன் மாட்டிக்கொண்டிருந்தேன் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

வங்காளிக்குப் புலியிடம் பயம் கிடையாது. போலீஸ் தடியிடம் பயம் கிடையாது. சளி பிடிக்கும் என்று சொல்லுங்கள், வீட்டில் உள்ள ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவார். ஆகவே அந்த வருஷம் எங்கள் மலைப் பயணத்துக்கு முதல் ஏற்பாடே கம்பளியில் ஆரம்பித்தது.

பயணம் சந்தக்பூவுக்கு. டார்ஜிலிங்குக்கு அப்பால், நேபாள எல்லையை ஒட்டிய மலைமுகட்டின் உச்சி அது. வழியில் டாக் பங்களாக்களில் தங்கித் தங்கி ஏற வேண்டும். ஏறிவிட்டால், வானம் நிர்மலமாக இருக்கிற காலையில் காஞ்சன்ஜங்கா முழுவதும் தெரியும். இன்னும் தூரத்தில் உலகத்திலேயே உயர்ந்த சிகரமும் தெரியும் என்று சொன்னார்கள்.

மருந்து வாங்கப் போனவன்

என் மனைவி காலமான மறுவருஷம் நான் கல்கத்தாவுக்கு வந்து, வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கடிதங்கள் எழுதும் குமாஸ்தாவாக அமர்ந்ததை முந்திய அத்தியாயம் ஒன்றில் சொல்லிவிட்டேன். அதைப் படித்து அனுதாபம் தெரிவித்த வாசகர்களுக்கு நன்றி. தம் தங்கையின் ஜாதகத்தை அனுப்பிவைத்த வாசகருக்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை.

பவானிபூரில் தமிழ்க் குமாஸ்தாக்கள் சில பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, பாலக்காட்டுச் சமையற்காரர் ஒருவரை வைத்து மெஸ் நடத்தினோம். சாயங்காலமானால் மற்றவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஊருக்குக் கடிதம் எழுதுவார்கள். நான் பகலெல்லாம் கம்பெனிக்காகக் கடிதம் எழுதுகிறவன். சாயங்காலம் எழுதுவதற்கு எனக்கு விலாசம் இல்லை.

ஆகவே எனக்குத் தலைவலி வந்தது.

ஹோமியோபதி வைத்தியத்தைப் பற்றி நான் படித்த புஸ்தகங்களில் கேலிதான் அதிகம். ஆனாலும் தெருக்கோடியில் இருந்த டாக்டர் அவர் ஒருவர்தான். நிவாரண் பாபு என்று பெயர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் என் நாக்கைப் பார்க்கவில்லை, நாடியைப் பிடிக்கவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார். வலி இடது பக்கமா வலது பக்கமா? கனவில் தண்ணீர் வருவதுண்டா? இனிப்பு பிடிக்குமா, உப்பு பிடிக்குமா? யாராவது ஆறுதல் சொன்னால் வலி குறைகிறதா, கூடுகிறதா?

கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றேன். பரீட்சித்துப் பார்க்கச் சந்தர்ப்பம் வரவில்லை.

கல்கத்தாவுக்கு வந்த நாளாக என்னை யாரும் அவ்வளவு விசாரித்ததில்லை. நாலு சர்க்கரை உருண்டையை நாக்கில் போட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார். உட்கார்ந்தேன். இருட்டுகிற நேரத்தில் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்தார்கள். யாரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

தலைவலி மறுநாளே போய்விட்டது. அதை நான் வெகுநாள் வரைக்கும் டாக்டரிடம் சொல்லவில்லை.

பெஞ்சிக்காரர்கள்

நாலு பேர் ஓரிடத்தில் தினமும் கூடி, ஒரு காரியமும் செய்யாமல் எல்லாக் காரியங்களையும் பற்றிப் பேசுவதற்கு வங்காளிகள் 'அட்டா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலும் வம்பு பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் நாம் அதற்காக வெட்கப்படுவோம். அவர்கள் அதை ஒரு கலையாக நடத்துகிறார்கள். குளித்து, வேஷ்டி மாற்றிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் அட்டாவில் டாக்டர், ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர், கோர்ட்டுக்கு ஒழுங்காகப் போய் வழக்கில்லாமல் ஒழுங்காகத் திரும்பிவரும் வக்கீல், நான். என்னை "மாத்ராஜி பாபு" என்று கூப்பிடுவார்கள். என் பெயர் அவர்கள் வாயில் நுழைய மறுத்தது, நானும் வற்புறுத்தவில்லை.

மேல்மாடியில் டாக்டரின் மனைவி வாதத்தில் படுத்திருந்தாள். அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலோரம் சாத்தியிருக்கும் தடியால் தரையில் தட்டுவாள். எங்களுக்கு அது கூரையில் கேட்கும். டாக்டர் பாதி வாக்கியத்தில் எழுந்து மாடிக்குப் போய்விட்டு வந்து, மீதி வாக்கியத்தைச் சொல்லி முடிப்பார். அவருடைய மருந்துகளில் அவளுக்குக் கேட்டது ஒன்றும் இல்லை. அதைப் பற்றி அட்டாவில் யாரும் பேசுவதில்லை. உலகத்தில் நாங்கள் பேசாத விஷயம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தீர்மானங்கள்

சந்தக்பூ பேச்சை எடுத்தவர் மாஸ்டர். ஒரு நாள் சுருட்டிய வரைபடம் ஒன்றை எடுத்துவந்து பெஞ்சியில் விரித்தார். மூலைகள் சுருளாமலிருக்க நாலு பக்கமும் மருந்துச் சீசாக்களை வைத்தோம். டாக்டர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு ஒரு விரலை டார்ஜிலிங்கில் வைத்து மெதுவாக மேற்கே நகர்த்தினார்.

"பூஜை லீவிலே நம்ம நாலு பேரும் போறோம்," என்றார்.

வாசகர்கள் சிரிக்கலாம். எனக்கு அந்த "நம்ம நாலு பேரும்" மலையைவிடப் பெரிதாகக் கேட்டது. கணக்கில் என்னையும் சேர்த்து ஒருவர் எண்ணி எத்தனையோ காலமாகியிருந்தது. மெஸ்ஸில் சாதம் வடிக்கிறதற்கு எண்ணுவார்கள், அது வேறு.

பொறுப்புகளைப் பங்கிட்டோம். வழி, மாஸ்டருடையது. மருந்துப் பெட்டி, டாக்டருடையது. பங்களாக்களில் தங்குவதற்கு டார்ஜிலிங் அதிகாரியிடம் அனுமதி வாங்குவது, சட்டம் தெரிந்த வக்கீலுடையது. ஸ்டவ்வும் சாப்பாடும் என்னுடையவை.

அதிலிருந்து தினமும் விவாதம். கோவேறு கழுதையா, கூலியாளா? முதல் ராத்திரி தங்க எந்தப் பங்களா? எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை, கௌரிசங்கரைப் பற்றியது. உலகத்தின் உயர்ந்த சிகரம் அதுதான் என்றும், சந்தக்பூவிலிருந்து பார்த்தால் மற்றச் சிகரங்களுக்கு மேலே தலை தூக்கி நிற்கும் என்றும் மாஸ்டர் சொன்னார். கௌரிசங்கர் வேறு, உயர்ந்த சிகரம் வேறு, அங்கிருந்து தெரிவது இரண்டில் எது என்பதே நிரூபணமாகவில்லை என்று வக்கீல் ஆட்சேபித்தார். ஒரு நாள் வக்கீல் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் சீக்கிரமாக வந்துவிட்டார்.

மெஸ்ஸில் கிட்டு என்று ஒருவர்; என்னைவிடப் பல வருஷம் முன்னால் கல்கத்தாவுக்கு வந்தவர். நான் வீட்டுக்குள் பூட்ஸ் போட்டு நடந்து பழகுவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்:

"ஓய், நெஜமாவே போகப்போறேளா?"

"ஆமாம். நாலு பேர்."

"அவா போகமாட்டா, ஓய். போறதைப் பத்திப் பேசுவா. நான் வந்த வருஷம் இதே மாதிரி ஒரு கோஷ்டி என்னைக் கேதார்நாத்துக்கு அழைச்சிண்டு போறதா இருந்தது. இன்னும் போயிண்டிருக்கா."

கிட்டுவை யாரும் எந்த மலைக்கும் கூப்பிடவில்லை, அந்தப் பொறாமை என்று முடிவுகட்டினேன்.

மைதானத்தில் ஒருவன்

நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். எங்கள் ஜில்லாவில் மலை கிடையாது. சுவாமிமலை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஊரில்கூட, மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்குள் படிகள் முடிந்து சந்நிதி வந்துவிடும். ஆகவே பயிற்சி அவசியம் என்றேன். எல்லோரும் ஏகமனதாக ஆமோதித்தார்கள். விடியற்காலையில் மைதானத்தில் கூடி, கோட்டையைச் சுற்றி நடப்பதென்று முடிவாயிற்று.

முதல் நாள் நான் மட்டும் வந்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. சாயங்காலம் டிஸ்பென்ஸரியில், எவ்வளவு தூரம் நடந்தேன், பூட்ஸ் கடித்ததா, மூச்சு எப்படி என்று மூவரும் மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்கள். மாஸ்டர், நான் நடந்த தூரத்தை வரைபடத்தில் கட்டைவிரலால் அளந்து, "இவ்வளவு ஏறியாச்சு" என்று திருப்தியோடு சொன்னார். எனக்குப் பதிலாக அவர்கள் நடந்தது போலவும், அவர்களுக்குப் பதிலாக நான் களைத்தது போலவும் அது இருந்தது. நான் தினமும் போனேன்.

வக்கீல், பங்களா மனுவின் முதல் வாக்கியத்தை ஒரு மாதமாகச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். கடிதம் எழுதுவது என் தொழில் ஆயிற்றே, அவருக்குச் சிரமம் குறையட்டும் என்று நானே எழுதிப் போட்டுவிட்டேன். நாலு பேருக்கு அனுமதி கேட்டேன், வந்துவிட்டது.

அனுமதிச் சீட்டைப் பெஞ்சியில் வைத்தேன். மாஸ்டர் அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வக்கீல் முத்திரையைப் பார்த்தார். பிறகு இருவரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு மருந்துச் சீசாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

நான் ஆபீஸ்காரன். எங்கள் ஆபீஸில் நாலு பேர் கூடித் தீர்மானம் செய்தால் குமாஸ்தா அதை நிறைவேற்றியாக வேண்டும். தீர்மானத்துக்காகவே தீர்மானம் செய்கிற ஜனங்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது, மற்றப்படி நிறையப் படித்தவனான எனக்கு, எந்தப் புஸ்தகத்திலும் அகப்படவில்லை.

சியால்டா

துர்கா பூஜை நாட்களில் டிஸ்பென்ஸரி பூட்டியிருக்கும். கடைசியாக நாங்கள் கூடியது பஞ்சமியன்று. பிரியும்போது டாக்டர், "அப்போ ஏகாதசி சாயங்காலம், சியால்டா ஸ்டேஷன்" என்றார். எல்லோரும் "சியால்டா" என்றோம்.

அந்த நாலைந்து நாளில் மெஸ் காலியாயிற்று. கிட்டு மதராஸுக்குப் போனார். சமையற்காரர் பூரிக்குப் போகுமுன் நாலு பேருக்கு வேண்டிய புளிக்காய்ச்சலையும் பருப்புப்பொடியையும் தயார் செய்து ஜாடியில் அடைத்துக் கொடுத்தார். தெருவெல்லாம் கொட்டுச் சத்தம். தசமியன்று பிரதிமைகளைக் கங்கைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் பந்தல்களில் மூங்கில் மட்டும் நின்றது. வெறிச்சென்றிருந்தது, ஆனால் எனக்கு அன்று போக இடம் இருந்தது.

சியால்டாவில் கடியாரத்துக்குக் கீழே மூட்டைகளை அடுக்கிவிட்டு நின்றேன். வடக்கே போகிற மெயில் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. காற்று மாற்றத்துக்குப் போகும் குடும்பங்கள், பெட்டி, படுக்கை, கூஜா, அழும் குழந்தைகள், குல்லா போட்ட பெரியவர்கள். குல்லா போட்ட ஒவ்வொருவரையும் டாக்டர் என்று நினைத்து இரண்டடி முன்னால் போனேன்.

முதல் மணி அடித்தது. திரும்பிப் போய்விடலாம் என்று மூட்டையைத் தூக்கினேன். எங்கே போவது? மெஸ்ஸில் ஆள் இல்லை. விடுமுறை முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் நானும் பல்லிகளும்தான். வண்டியில் ஏறினேன். தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

பத்மா நதியை நீராவிப் படகில் கடக்கும்போதுதான் விஷயம் தெளிவாயிற்று. அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. கிட்டு சொன்னதுதான் சரி. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவியை ஒரு ராத்திரிகூட விட்டுவிட்டு வெளியே தங்காத மனிதர் இமயமலைக்கு எப்படி வருவார் என்று நான் ஒரு தடவையும் யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்காகத்தான் அந்த டிஸ்பென்ஸரி சாயங்காலங்களில் திறந்திருந்தது.

நாலு கட்டில்

பொம்மை ரயிலில் டார்ஜிலிங்குக்கு முந்தின ஸ்டேஷனான கூம் வரைக்கும் போய், அங்கே ஒரு நேபாளிக் கூலியாளை அமர்த்திக்கொண்டு நடந்தேன். ஏறினேன் என்று எழுதத்தான் ஆசை. முதல் நாள் பெரும்பாலும் உட்கார்ந்தேன். கூலியாள் நாலு பேருடைய சாப்பாட்டைச் சுமந்துகொண்டு எனக்கு முன்னால் பாடிக்கொண்டு போனார். அவருக்குத் தெரிந்த ஹிந்துஸ்தானியும் எனக்குத் தெரிந்த ஹிந்துஸ்தானியும் ஒன்றோடொன்று அறிமுகமில்லாதவை. தோங்லு பங்களாவில் ஒரு ராத்திரி தங்கினோம். மேலே போகப் போக மரங்கள் குட்டையாயின, பேச்சும் குறைந்தது.

சந்தக்பூ பங்களாவில் காவல் பார்க்கும் சௌக்கிதார் நாலு கட்டிலில் நாலு படுக்கை விரித்து வைத்திருந்தார். சீட்டில் நாலு பேர் என்று இருந்ததே.

"மத்த பாபுங்க?" என்று கேட்டார்.

"பின்னால வராங்க," என்றேன்.

அவர் கணப்பில் இன்னும் இரண்டு விறகு போட்டார்.

அன்று ராத்திரி குளிர் தாங்கவில்லை. மற்ற மூன்று கட்டில்களிலிருந்தும் கம்பளிகளை எடுத்து என்மேல் போர்த்துக்கொண்டேன். அந்த விதத்தில் மூன்று பேரும் எனக்கு ஒத்தாசைதான் செய்தார்கள்.

விடியற்காலையில் கதவைத் திறந்தேன். மலை எதிரே இருந்தது.

அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. வெகு தூரத்தில், அடிவாரமே இல்லாமல், கீழே மேகமும் மேலே மலையுமாக நின்றது. முதலில் செம்பு நிறம், பிறகு பித்தளை, வெயில் ஏறியதும் சுண்ணாம்பு வெள்ளை. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய பொருள் சத்தமில்லாமல் இருப்பதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மேற்கே சௌக்கிதார் விரலை நீட்டினார். அங்கே, பெரிய சிகரம் ஒன்றின் தோளுக்குப் பின்னால், சின்னதாக ஒரு வெள்ளை முனை. அதுதான் உலகத்திலேயே உயர்ந்தது என்றார். அது ஒன்றுக்கும் மேலே தலை தூக்கி நிற்கவில்லை. கூட்டத்தில் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"டாக்டர் பாபு, பாருங்க," என்றேன், பக்கத்தில் திரும்பி. வங்காளியில்தான் சொன்னேன்.

சௌக்கிதார் உள்ளே போய்விட்டிருந்தார்.

வெகுநேரம் பார்த்தேன். பார்த்து முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வதென்று புரியவில்லை. கூட ஒருவர் இருந்தால், அவர் "போகலாமா?" என்பார். அப்போது முடிந்துவிட்டது என்று அர்த்தம். அன்று யாரும் அப்படிச் சொல்லாததால், கண்ணும் மூக்கும் எரிகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.

பிஜோயா

திரும்பி வருகிற வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். முதலில் எதைச் சொல்வது, மாஸ்டரை எப்படி மடக்குவது, கடைசியில் எதை வைப்பது. கல்கத்தா வந்த அன்றே டிஸ்பென்ஸரிக்குப் போனேன். வாசலை நெருங்கும்போது உள்ளே குரல்கள் கேட்டன. கௌரிசங்கர் சண்டை.

நின்றுவிட்டேன்.

நான் "போனேன்" என்று சொல்லும் கணத்தில், அவர்கள் மூன்று பேரும் போகாதவர்கள் ஆகிவிடுவார்கள். அப்புறமும் அந்தப் பெஞ்சியில் எனக்கு இடம் இருக்கும். ஒருவேளை மரியாதைகூட இருக்கும். சந்தக்பூ இருக்காது. அது இல்லாமல் அங்கே நாலு பேரும் என்ன பேசுவது? கல்கத்தாவில் காரணம் சொல்லாமல் நான் நுழையக்கூடிய வாசல் அது ஒன்றுதான். அதை இழந்தால் எனக்கு மறுபடியும் தலைவலிதான்.

உள்ளே போனேன். பேச்சு நின்றது. மாஸ்டர் முதலில் ஆரம்பித்தார். ஏகாதசியன்று காலையிலிருந்து வயிறு சரியில்லை என்றார். வக்கீல், மூத்த பெண்ணின் மாமனார் வீட்டார் முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கியதை விஸ்தாரமாகச் சொன்னார். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் கிளம்பியிருக்க மாட்டீங்களே?" என்றார் மாஸ்டர். கேள்வி மாதிரி இல்லை, வேண்டுதல் மாதிரி இருந்தது.

"ஜுரம்," என்றேன். "படுத்துட்டேன்."

இரண்டு முகங்களும் தெளிந்தன. வக்கீல் நகர்ந்து இடம் விட்டார். இத்தனை நாளாக என்னைக் காணாததால் விட்டுப்போயிருந்த விவாதங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் என்மேல் வந்து விழுந்தன. கௌரிசங்கர் மற்றச் சிகரங்களுக்கு மேலே தெரியுமா, தெரியாதா? நான் தெற்கத்தியான், பட்சபாதம் இல்லாதவன், நான்தான் சொல்ல வேண்டும் என்றார் மாஸ்டர்.

"போய்ப் பார்த்தாத்தான் தெரியும்," என்றேன்.

"அதேதான்," என்று வக்கீல் தொடையைத் தட்டினார். "நிரூபணம் வேணும்."

டாக்டர் எழுந்தார். பிஜோயாவுக்கு இன்னும் மாத்ராஜி பாபுவைத் தழுவவில்லையே என்றார். தசமிக்குப் பிறகு காளி பூஜை வரைக்கும் வங்காளிகள், சந்திக்கிறவர்களையெல்லாம் தழுவிக்கொள்வார்கள். இந்தத் தோளில் ஒரு தரம், அந்தத் தோளில் ஒரு தரம், மறுபடி இந்தத் தோளில். நம்மவர்களுக்கு அது பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. அவர்மேல் ஸ்பிரிட் வாசனை அடித்தது.

மூன்றாவது தழுவலில் அவர் வாய் என் காதருகே வந்தது. மற்ற இருவரும் நிரூபணத்தில் மூழ்கியிருந்தார்கள்.

"ஜுரத்திலே உதடு வெடிக்கும்," என்றார் மெதுவாக. "மூக்குத் தோல் உரியாது."

மூக்கைத் தொடக் கையைத் தூக்கினேன்.

"மேகம் இருந்துதா?"

"இல்லை," என்றேன். "துளிகூட இல்லை."

வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு என் தோளில் ஏறி இறங்கியது.

"சொல்லாதீங்க," என்றார். "என்கிட்டயும் சொல்லாதீங்க. நான் போறப்போ பார்த்துக்கறேன்."

"சரி," என்றேன்.

என்னை விட்டுவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பி உரத்த குரலில், அடுத்த வருஷம் அனுமதிச் சீட்டுக்கெல்லாம் அவசரப்பட வேண்டாம், முதலில் நாளைத் தீர்மானிக்க வேண்டும் என்றார். தீர்மானித்தோம். அடுத்த வருஷமும் தீர்மானித்தோம்.

மாஸ்டர் காலமாகிவிட்டார். வக்கீல் தம் மகனோடு காசிக்குப் போய்விட்டார். டாக்டரின் மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. இப்போது அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம்; முழங்கால்தான் போகாது. அவரிடம் கொடுத்த வாக்கை நான் இத்தனை வருஷமும் காப்பாற்றியிருக்கிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இந்த அத்தியாயம்.

சென்ற சனிக்கிழமை டிஸ்பென்ஸரியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து, முதல் ராத்திரி எங்கே தங்குவது என்று யோசித்தோம். தோங்லு சௌகரியம் என்றேன். தோங்லுவில் தண்ணீருக்குக் கஷ்டம், எங்கேயோ படித்திருப்பதாகச் சொன்னார். நான் அங்கே குடித்த தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. சரி, அப்படியானால் வேறு பங்களா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.